வடிகட்டிக் கிண்ணத்தைத் திறக்க அனுமதி

ஹொக்கைடோவில், எங்கள் நகராட்சிக் குடியிருப்பில், மண்ணெண்ணெய் ஹீட்டர் அணைவது அதிசயமில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் சேரும். அது வடிகட்டிக் கிண்ணத்தில் இறங்கி உறைந்துவிடும். கிண்ணத்தைக் கழற்றி, பனிக்கட்டியைத் தட்டிவிட்டு மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஹீட்டர் நகராட்சிச் சொத்து. தொட அனுமதி வேண்டும்.

நுமாதா வீட்டு ஹீட்டர் அணைந்து நாலு நாளாகிவிட்டது. வீட்டுக்குள் இரண்டு டிகிரி. அன்று மதியம் அவர் மனைவி மிசாவோ, பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்.

காலையில் வீட்டுவசதிப் பிரிவுத் தலைவர் இகராஷியும் உதவியாளர் தோகாஷியும் வந்தார்கள். பூட்ஸைக் கழற்றி, குனிந்து வணங்கி, 'குளிரை நேசிப்போம்' என்ற இந்த ஆண்டு இயக்கத்தின் துண்டுப்பிரசுரத்தை மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினார்கள். கூடவே ஒரு கம்பளி வயிற்றுப்பட்டி, இலவசம். நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டோம்.

"சாதனத்துக்குப் பக்கத்துலயே வச்சு விண்ணப்பத்துல உங்க பெயர் முத்திரையைக் குத்துங்க நுமாதா சான். அனுமதி உடனே வந்துடும்," என்றார் இகராஷி.

நுமாதா குத்தினார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு மை கல்லாய் இறுகியிருந்தது.

"வீடு குளிரா இருக்குங்க. அதான் மை இளகல."

"அப்ப வீட்டைச் சூடாக்குங்க."

"அதுக்குத்தானே இந்த விண்ணப்பமே!"

இகராஷி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இளகின மைன்னு விதியில இருக்கு. எதால இளக்கணும்னு இல்ல. தோகாஷி, மைப்பெட்டியை அக்குள்ல வை."

தோகாஷி வைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் சார்?"

"விதியில இல்லப்பா. பொறுமையா வச்சிரு."

நுமாதா பின்பக்கம் நகர்ந்தார். "நானே கழட்டிடுறேனே?"

"விண்ணப்பதாரர் தொட்டா விண்ணப்பம் ரத்து. திரும்ப முதல்லேருந்து."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மதியம்வரை எல்லோரும் தோகாஷியின் அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்சி வந்து நின்றது.

மிசாவோ உள்ளே வந்தார். அவர் விட்ட மூச்சு புகையாய் நின்றது.

"இத்தனை பேர் நிக்கிறீங்க, ஒருத்தர் கையில ஸ்பேனர் இல்லையா?"

அவர் குழந்தையை இகராஷியிடம் நீட்டினார்.

"அம்மா, பெற்றுக்கொள்ள எனக்கு அதிகாரம்..."

"பிடிங்கன்னேன்! தலையைத் தாங்கி!"

அலமாரியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். டங் டங் என்று இரண்டு தட்டு. திரும்பி வந்து பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் நீலச் சுடர் எழும்பியது.

இகராஷி தொண்டையைச் செருமினார். "விண்ணப்பதாரர் சாதனத்தைத் தொடவில்லை. எனவே எந்த விதிமீறலும் நிகழவில்லை." குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹீட்டருக்கு மிக அருகில் அமர்ந்தார்.

வாழ்த்துச் சொல்லும் சாக்கில் நாங்களும் நுழைந்தோம். மறைப்பானேன், எங்கள் பத்து வீட்டு ஹீட்டர்களும் ஒரு வாரமாக அணைந்துதான் கிடந்தன. பத்து வீட்டிலும் ஸ்பேனர் உண்டு. விண்ணப்பங்களும் வரிசையில் உண்டு. ஆறு பாய் விரித்த சின்ன அறை, நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

மிசாவோ குழந்தையோடு நின்றபடியே சுற்றிலும் பார்த்தார். கால் வைக்க இடமில்லை.

இகராஷி உட்கார்ந்த இடத்திலிருந்தே கார் சாவியை நீட்டினார். "தாய்க்கும் சேய்க்கும் நகராட்சி வாகனத்தில் தற்காலிக வெப்ப வசதி வழங்கப்படுகிறது."

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். யாரோ எழுந்து, வெளியே போன தாய்க்கும் சேய்க்கும் பின்னாலேயே கதவை இறுக்கமாகச் சாத்தினார்கள்.