மாமனார் கொடுத்த இரும்பு

சாவியைத் திருப்பியதும் டிராக்டர் கிளம்பிவிட்டது. வில்லு தலையில் கை வைத்துக்கொண்டார்.

முந்தின சாயங்காலம்தான் டீசல் டேங்கில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருந்தார். நியாயப்படி அது இருமி, விக்கி, செத்திருக்க வேண்டும். அதுவோ ஜம்மென்று புகை விட்டது. புகையில் அடுப்படி வாசனை வேறு.

வில்லு என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயரல்ல. அந்த டிராக்டரின் இரும்பு இருக்கை முதுகை வளைத்துவிட்டதைப் பார்த்து ஊர் வைத்த பெயர். "இன்னொரு பருவம் இதுல உழுதீங்கன்னா, அப்புறம் படுக்கைதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது டிராக்டரில் மெத்தை இருக்கை. ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம். ஆனால் புதுசு வர வேண்டுமென்றால் பழசு போக வேண்டும். பழசோ கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? தாலி கட்டிய நாளிலிருந்து "உங்கப்பா கொடுத்த வண்டி மாதிரி வருமா!" என்று அவளைக் குளிர வைத்தே பழகிவிட்ட வாய். வண்டி தானாகச் செத்தால்தான் உண்டு.

"கிளம்பிடுச்சா?" வாசலில் வந்து நின்ற மனைவியின் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பின்னே? உங்கப்பா வண்டியாச்சே!"

"அதானே. பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டியைப் பாருங்க. கன்னுக்குட்டி முட்டி மூஞ்சி பிளந்துபோச்சாம். வெறும் பிளாஸ்டிக்கு." பிறகு சட்டென்று, "வர்றப்ப சமையலுக்கு எண்ணெய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"நேத்துத்தானேடி டின் நிறைய வாங்கினேன்?"

"தீர்ந்துபோச்சுன்னா தீர்ந்துபோச்சு. கேள்வி கேக்காதீங்க."

அன்று மத்தியானம், கை தவறியதுபோல, டிராக்டரை மாட்டுக்கொட்டகைச் சுவரில் கொண்டுபோய் மோதினார். சுவர் படுத்துவிட்டது. டிராக்டர் மேல் கொஞ்சம் தூசி விழுந்தது.

மனைவி ஓடிவந்து அதன் மூக்கைத் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகலை."

இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

விழுந்த சுவரைக் கட்ட, அதே இருக்கையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் செங்கல் ஏற்றி வந்தார். முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்தது.

கடைசியாக ஒரே ஒரு வழிதான் தோன்றியது. மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். கீழே ஆள் நடமாட்டமில்லாத கல்குழி. பிரேக்கைத் தளர்த்திவிட்டு இறங்கி, மனசுக்குள் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். டிராக்டர் உருண்டது. பாதி வழியில் ஒரு பாறையில் ஏறி, மனசு மாறியதுபோல வலது பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரரின் கொட்டகைக்குள் புகுந்தது. உள்ளே அந்தப் புது டிராக்டர் நின்றிருந்தது.

வில்லு தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளை மடியில் வாரி வைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ் வில்லு! இது வண்டியாய்யா, யானையா? உன்னுதுல லைட்டுகூட உடையலையேய்யா!"

"பிரேக்கு... என்னமோ..."

"பிரேக்காவது, முறுக்காவது! என் வண்டி சரியாகுற வரைக்கும் என் வயலையும் நீதான் உழணும். அதே இரும்புல உக்காந்து உழு!"

இரண்டு வயல். இருப்பதோ ஒரே முதுகு, அதுவும் பாதி. வில்லு தன் டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. இது சாகாது. நான் போய்ச் சேர்ந்தால், என்னையும் இதுதான் இழுத்துக்கொண்டு போகும்.

புது டிராக்டரைப் பார்க்க வந்த மெக்கானிக், ஒன்றும் ஆகாத பழசையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இங்க எனக்கு உசிரு போகுது. உனக்கு என்னப்பா சிரிப்பு?" என்றார் வில்லு.

"அக்கா நிஜமாவே ஊத்திட்டாங்களாண்ணே? 'எங்க வீட்டுக்காரரு எங்கப்பா கொடுத்த வண்டி மேல உசிரையே வச்சிருக்காரு, வித்துடுங்கன்னா மனசொடிஞ்சிடுவாரு, ஆனா அவரு முதுகை என்னால பார்க்க முடியலை. டீசலைத் திறந்து விட்டுட்டுச் சமையல் எண்ணெயை ஊத்தினா இந்தச் சனியன் செத்துடுமா'ன்னு போன வாரம் என்கிட்டதான் வந்து கேட்டாங்க!"