நீயே எழுதிக்கினு வாம்மா

பேராசிரியர்களில் பல வகை உண்டு. பாடம் நடத்துகிறவர்கள், நோட்ஸ் கொடுக்கிறவர்கள், இரண்டும் செய்யாமல் மணி அடிக்கும்வரை சொந்தக் கதை சொல்கிறவர்கள். இவர்களை உங்களுக்கே தெரியும். நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இன்று நாம் பார்க்கப் போவது கேட்டதும் கொடுத்துவிடுகிற வகை. சிபாரிசுக் கடிதமா? தந்தோம். நன்னடத்தைச் சான்றிதழா? பிடியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போக வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவார். இந்த இனத்துக்குக் கையெழுத்துப் பேராசிரியர் என்று பெயர் வைக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் அதையும் எழுதிக்கொண்டு போங்கள், கையெழுத்துப் போட்டுத் தருவார்.

நம் கண்ணெதிரே இருக்கும் உதாரணம், வேதியியல் துறைத்தலைவர் தாண்டவராயன். ஆண்டு 1991. ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவே, லாரிப் புழுதி நேராக வகுப்பறைக்குள் வந்து உட்காரும்படி கட்டப்பட்ட ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், நமக்கு எதற்கு வம்பு? தாண்டவராயன் ஸ்டாஃப் ரூம் மேஜையில் கையெழுத்துப் போடுவார், ஸ்கூட்டர் சீட்டில் வைத்துப் போடுவார், பஸ் கிளம்பிவிட்டால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கியும் போடுவார். பச்சை மைதான். பச்சை மை கெஜட்டட் ஆபீசர்களுக்கு உரியது என்று ஒருமுறை யாரோ சொன்னதற்கு, "அவங்க படிச்சுட்டுப் போடறாங்க, நான் நம்பிப் போடறேன், யாருய்யா பெரியவன்?" என்று கேட்டார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷர். இருபத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளையையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை. அவர் கையெழுத்திட்ட கடிதங்களை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்தக் கல்லூரியில் படித்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் "என் அனுபவத்தில் நான் கண்ட மிகச் சிறந்த மாணவன்" என்பது விளங்கும். பெண்கள் உள்பட.

அந்த ஜனவரியில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையம். ரேங்க் எடுக்கிற பிள்ளைகளில் பொறுக்கியெடுத்த இருபது பேருக்குக் கோடை விடுமுறையில் ஆறு வாரப் பயிற்சி. தங்க இடம், சாப்பாடு இலவசம். நிஜ விஞ்ஞானிகள் பக்கத்தில் நின்று வேலை செய்யலாம். நன்றாகச் செய்தால் அங்கேயே எம்.எஸ்ஸி. படிக்க இடம். விண்ணப்பத்தோடு துறைத்தலைவரின் கடிதம் கட்டாயம்.

தாளின் முன் நெடுநேரம் நின்றவள் நிலா. பிள்ளைப்பாக்கம் கண்ணப்பன் மகள், மூன்றாம் ஆண்டு, வகுப்பில் முதல். கண்ணப்பன் ஃபேக்டரியில் ஃபிட்டர். சத்திரம் பக்கம் ஒயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில், சூப்பர்வைசரிடம் சொல்லி, மே மாதத்திலிருந்து மகளுக்கு லைனில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். "பெங்களூர்லேர்ந்து லெட்டர் வந்தா போ. வரலன்னா ஷிஃப்டுக்குப் போ. வூட்ல சும்மா குந்தக் கூடாது" என்று நியாயமாகத்தான் சொன்னார். லைனுக்குப் போன பெண் திரும்பிப் படிக்க வந்ததாக அந்தப் பக்கத்தில் சரித்திரம் இல்லை. நிலாவுக்கு அது தெரியும்.

தாண்டவராயனிடம் போய் நின்றாள்.

"பலே! பெங்களூரா? நம்ம காலேஜ் பேரை அங்க நாட்டணும். லெட்டர்தானே, நீயே எழுதிக்கினு வாம்மா. உன்னைப் பத்தி உனக்குத்தானே தெரியும்? உள்ளதை உள்ளபடி எழுது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இருபத்தோரு வருஷமாகச் சொல்லிவருகிறார். அதை நிஜமென்று எடுத்துக்கொண்ட முதல் ஆள் இவள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த பாபுவுக்கு விஷயம் சொல்லவே வேண்டியதில்லை. "தாண்டவராயன் சார் லெட்டரா? மாடல் கீது. பேரு மட்டும் மாத்திக்கினா போதும்" என்று ஒரு பழுப்பேறிய தாளை எடுத்துப் போட்டான். அதில் மாணவன் வாலிபாலிலும் கெட்டிக்காரன் என்று இருந்தது.

"இது நான் இல்லீங்க அண்ணா."

"யாரும்மா இதுல எழுதினா மாதிரி இருந்தாங்க? எல்லாரும் இதைத்தான் எடுத்துக்கினு போறாங்க."

"நானே எழுதியாந்திருக்கேன். அடிச்சுக் குடுங்க."

பாபு அடித்துக் கொடுத்தான். இங்கிலீஷ் கடிதம், சாரத்தைச் சொல்கிறேன். நிலாவின் பேச்சு இங்கிலீஷ் தடுமாறும். பஸ் நிற்காமல் போவதால் முதல் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் பத்தொன்பது நாள் தாமதம். பியூரெட் என்கிற கண்ணாடி அளவுக் குழாய் இரண்டு உடைத்திருக்கிறாள். ஒன்றை மறைத்து, மனசு கேட்காமல் மறுநாள் சொன்னாள். பெர்மாங்கனேட் பரிசோதனையில் வகுப்பு முழுக்க 14.2 மில்லி என்று எழுதியது, சீனியர்களும் அதைத்தான் எழுதினார்கள் என்பதற்காக. இவளுக்கு மட்டும் 15.1 வந்தது. சிரித்தார்கள். மூன்று நாள் திரும்பச் செய்தாள். மூன்று நாளும் 15.1. ஜன்னல் வெயிலில் வைத்த கரைசல் கெட்டிருக்கிறது, பாட்டிலின் லேபிளில் போட்டிருக்கும் வீரியக் கணக்கு தப்பு என்று கண்டுபிடித்தாள். ஆனால் இதைத் துறைத்தலைவரிடம் சொல்ல அவளுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

இதன் கீழே, துறைத்தலைவர், பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, இரண்டு புள்ளி வைத்து அடிக்கோடிட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தி, மை காய ஊதியும் கொடுத்தார்!

பிப்ரவரி கடைசியில் பெங்களூரிலிருந்து தாண்டவராயன் பெயருக்கே பதில் வந்தது. இதுவரை வந்த கடிதங்களில் மாணவரின் குறையைச் சொன்னது தங்களுடையது மட்டுமே, மிக்க மகிழ்ச்சி. ஒரு சிறு சந்தேகம். லேபிள் விஷயத்தை அவள் தங்களிடம் சொல்லவே இல்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். சொல்லாதது தங்களுக்கு எப்படித் தெரிந்தது? பத்து நாளுக்குள் விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது.

கூடவே கடிதத்தின் நகல். வாழ்க்கையில் முதல்முறையாகத் தாண்டவராயன் தன் கடிதத்தைப் படித்தார். இரண்டாம் பத்தியில் வியர்த்தது. கடைசி வரியில் நாற்காலியை விட்டே எழுந்து, நிலாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

"இன்னாம்மா இது?"

"உள்ளதை எழுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"அதுக்காக உள்ளதையே எழுதிருவியா?"

நிலா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கர்ச்சீஃப் கொடுத்து அனுப்பியிருப்பார். "பெங்களூர் இல்லன்னா மே ரெண்டாந்தேதி லைனுக்குப் போகணும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் மனசில் ஒரு யோசனை ஓடியது. நாம் மறைக்க வேண்டாம். 'இக்கடிதம் என்னுடையதல்ல, மாணவி தானே தயாரித்தது' என்று ஒரு வரி போட்டால் தன் மானம் தப்பும். இந்தப் பெண் தொலைவாள். ஒரு நிமிஷம் நினைத்தார். ஒரே நிமிஷம்தான். பிறகு அவருக்கே தன்மேல் கோபம் வந்துவிட்டது, நல்லவேளையாக.

"நிஜமாவே பதினஞ்சு புள்ளி ஒண்ணா?"

"நிஜமாத்தான் சார்."

"வா."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். ஜன்னலோரம் பாட்டில் இருந்தது. போன ஜூலைத் தேதியிட்ட லேபிளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை மையில் அவர் கையெழுத்து. அதை அவளும் பார்த்தாள். இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பியூரெட்டைப் பிடித்தார். முதல் தடவை கூடுதலாக ஊற்றிக் கெடுத்தார். "சொட்டு சொட்டா வுடணும் சார்" என்று நிலா வாயை விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை 15.1. மூன்றாம் தடவை 15.1. விரலெல்லாம் ஊதா.

"லேபிள் தப்புதாம்மா" என்றார். "சரி, பதில்தானே, நீயே எழுதிக்கினு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார்.

அன்று மத்தியானம் முழுக்க ஒரு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தார், பாவம். 'மிக்க மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறேன்' என்று பேனா தானாகவே எழுதியது, அடித்தார். 'என் அனுபவத்தில் நான் கண்ட' என்று எழுதியது, அதையும் அடித்தார். எதைக் கண்டோம் என்று யோசித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. சாயங்கால மணி அடிப்பதற்குள் நாலு வரி தேறியது: 'கடிதத்தை எழுதியவள் மாணவி. நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். இன்று படித்தேன், பரிசோதனையையும் செய்து பார்த்தேன். அவள் எழுதியது அத்தனையும் சரி, லேபிளை மாற்றிவிட்டேன்.' கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை படித்தார்.

ஏப்ரலில் நிலாவுக்குக் கடிதம் வந்தது. மே ஆறாம் தேதி வந்து சேரச் சொல்லி. கண்ணப்பன் சூப்பர்வைசரைப் பார்த்து, "எம் பொண்ணு வரல சார், வேற ஆளைப் போட்டுக்குங்க" என்று சொன்னபோது அவர் குரலில் வருத்தமே இல்லை என்று கேள்வி. தாண்டவராயன் பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் கைப்பட எழுதின லெட்டர்லதான் அந்தப் பொண்ணுக்குக் கெடைச்சுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வழக்கமான பெருமைதான். இந்தத் தடவை அது உண்மையாக வேறு இருந்து தொலைத்தது.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? பதினோரு நாள் திருந்தியிருந்தார். பன்னிரண்டாம் நாள் ஒரு பையன் கடிதம் கேட்டு வந்தான். "நீயே எழுதிக்கினு வாப்பா. ஆனா நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்று கண்டிப்பாகச் சொன்னார். மறுநாள் அவன் கொண்டுவந்தபோது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் ஒரு காலைப்பொழுது, நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பிள்ளை ரிப்போர்ட் கார்டை நீட்டியதல்லவா? சுவரில் வைத்து ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே? அதில் டீச்சர் தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். என்ன எழுதியிருந்தார், சொல்லுங்கள் பார்ப்போம்.