சந்தனம் பூசிய சர்வர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் திட்டு நல்லது. ஒழுங்காக ஒரு மூலையில் அடங்கி உட்காருவான். அவனைப் பாராட்டிவிட்டால்தான் கம்பெனிக்கு ஆபத்து. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் என்னைப் பாராட்டினார்கள். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அது வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. கோவில்பட்டியிலிருந்து போன நான் அங்கே கம்ப்யூட்டர் அறைக்கு ராஜா. (மந்திரி, சேவகன், கூட்டுகிறவன் எல்லாமும் நான்தான்.) என் ராஜ்ஜியத்தில் ஒரே ஒரு யூனிக்ஸ் சர்வர். பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிப்பது அதன் தலையாய வேலை. ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டியை லாரியில் ஏற்றவே மாட்டார்கள்.

ஒருமுறை ஆடிட்டுக்கு வந்தவர்கள், ஒவ்வொரு ஸ்டிக்கரும் எப்போது அடித்தது என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நான் ஒரே நாளில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஸ்டிக்கர் ஒன்று அடித்தால் சர்வரில் குட்டி ஃபைல் ஒன்று தானாக உருவாகும். உள்ளே ஒரே ஒரு வரி. ஜி.எம். எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தச் சட்டையைத் துவைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. லேத் மெஷின்களுக்கு மாலை, ஃபோர்க்லிஃப்டுக்குப் பட்டை பட்டையாகத் திருநீறு, மூட்டை மூட்டையாகப் பொரி. பூஜைக்கு முன் புதுச்சேரிக்கு ஒரே ஒரு லாரி கிளம்ப வேண்டும். அது போகாவிட்டால் அங்கே வாங்குகிறவர்களின் வேலை நின்றுவிடும். எனக்கோ அன்று அதைவிடப் பெரிய வேலை இருந்தது. சாமல்பட்டியில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

மூன்று மணிக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டுப் படியேறிவிட வேண்டும் என்று அம்மாவின் கட்டளை. அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு இடங்களில் ‘பையன் கம்ப்யூட்டர் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கானாம்’ என்று விசாரித்துவிட்டு நழுவியிருந்தார்கள். இதுவும் கைநழுவினால் இனி பெண்ணே தேடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் புதுச் சட்டையோடு வேலைக்கு வந்து, காலை பஸ்ஸைப் பிடிக்கத் தயாராக நின்றேன்.

அப்போதுதான் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் முனிராஜு ஓடிவந்தார். ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, டிரைவர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

“சார், ஸ்டிக்கர் வரமாட்டேங்குது. இடம் இல்லைன்னு சொல்லுது சார்!”

பார்த்தேன். டிஸ்கில் இடமில்லை என்றுதான் சர்வர் சொன்னது. எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டேன். பாதிக்கு மேல் காலி என்றது. அதே சர்வர், அதே வாயால்!

இளமையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதுவும் புரியாவிட்டால் உடனே செயலில் இறங்கிவிடுவேன். இருப்பதிலேயே பெரிய ஃபைலாகப் பார்த்து ஒன்றை அழித்தேன்.

“வந்துச்சு சார்! ஒரு ஸ்டிக்கர் வந்துச்சு!” என்று கத்தினார் முனிராஜு. அதோடு நின்றுவிட்டது.

இன்னொன்றை அழித்தேன். இன்னொரு ஸ்டிக்கர் வந்தது. போன வருஷ பூஜையில் ஜி.எம். குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட வீடியோவை அழித்தேன். அவ்வளவு பெரிய வீடியோவுக்கும் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான்! கண் முன்னால் விடை குத்துக்கல்லாக நிற்கிறது. எனக்கோ பஸ் மட்டும்தான் தெரிந்தது.

“என்ன சார், ஒண்ணு குடுத்தாத்தான் ஒண்ணு குடுக்குது? போன வருசம் இதுக்கு மட்டும் நாம பூஜ போடல சார். அதான் கோவம்” என்றார் முனிராஜு.

நான் சிரித்துவிட்டு ஜி.எம்.மைக் கூப்பிடப் போனேன். அவரோடு திரும்பி வந்தால், சர்வருக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. (சர்வருக்குக் கழுத்து எங்கே என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.) கீபோர்டின் மேல் எலுமிச்சம்பழம். முனிராஜு கற்பூரத்தட்டை நீட்டினார். ஜி.எம். பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கீபோர்டுப் பக்கம் போனதும் முனிராஜு குறுக்கே வந்தார்.

“பூஜ போட்டாச்சு சார். இனி நாளைக்குத்தான் தொடணும்.”

“சார், லாரி நிக்குது! நீங்களாவது சொல்லுங்க” என்று ஜி.எம்.மைப் பார்த்தேன்.

“பூஜை போட்ட மெஷினை எப்படிப்பா தொடறது? ஆனா ஒண்ணு, லாரி போயே ஆகணும்” என்றார் அவர். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். சர்வரே பரவாயில்லை.

வெளியே புதுச்சேரி லாரியின் டிரைவர் பசவராஜ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். என் பஸ் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தனம் பூசிய அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றபோதுதான், சர்வரோடு பேச சர்வரையே தொட வேண்டியதில்லை என்பது உறைத்தது. ஸ்டோர்ஸில் அதோடு இணைத்த ஒரு டெர்மினல், அதாவது திரையும் கீபோர்டும், இருந்தது.

“முனிராஜு, ஸ்டோர்ஸ் டெர்மினலுக்குப் பூஜை ஆச்சா?”

“இன்னும் இல்ல சார். சந்தனம் தீந்துருச்சு, கரைக்கச் சொல்லியிருக்கேன்.”

ஓடினேன். என் பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் வந்தார். “கிட்ட வராதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கிண்ணத்தையே கீழே விட்டுவிட்டார்.

அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் விடை வந்தது. ஒரு ஃபைல் போனால் ஒரு ஸ்டிக்கர். அப்படியானால் தீர்ந்துபோனது இடமல்ல, எண்ணிக்கை. ஃபைல் எவ்வளவு சின்னதானாலும் அதன் விவரத்தை எழுதிவைக்க டிஸ்கில் ஒரு ஐநோடு வேண்டும். மொத்தம் இத்தனை ஐநோடுதான் என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். அத்தனையையும் தின்று தீர்த்தது யார் என்று பார்த்தேன். முதுகில் தட்டு வாங்கிய என் குட்டி ஃபைல்கள்!

எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக மூட்டை கட்டிவிட்டு, குட்டிகளை அழிக்கச் சொன்னேன். பட்டியல் ரொம்ப நீளம், முடியாது என்றது சர்வர். கொஞ்சம் கொஞ்சமாக அழித்தேன். டெஸ்பாட்ச் பக்கம் பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

“தொட்டுட்டீங்களா சார்?” என்று பதறினார் முனிராஜு.

“தொடலை. இங்கிருந்து பேசினேன்.”

“பேசலாம் சார். பேசறதுக்கு தோஷம் இல்ல.”

பசவராஜ் என் கதையைக் கேட்டுவிட்டு லாரிக் கதவைத் திறந்தார். “ஹத்தி ஸார், ஹத்தி!” என்று கன்னடத்தில் ஏறச் சொன்னார். ஏறினேன். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கக் குங்குமம். குருபரப்பள்ளியில் டீ குடித்தே ஆக வேண்டும் என்று நிறுத்தினார். சாமல்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் அப்போதுதான் பிறந்திருந்தது.

அம்மா வாசலுக்கு வந்து, இறங்காதே என்று சைகை காட்டினாள். ராகு காலம் முடியும்வரை அந்த லாரியிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் புதுச்சேரி போனால் போதும் என்று பசவராஜும் கூடவே இருந்தார். தெருவே வந்து பார்த்தது. “மாப்ள டிரைவரா, கிளீனரா?” என்று ஒருவர் பசவராஜிடமே கேட்டார். ஜன்னல் வழியாக ஒரு பெண் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவனைப் பெண் ஒன்றரை மணி நேரம் பார்த்தாள்.

உள்ளே போனதும் நடந்ததைச் சொன்னேன். பெண்ணின் அப்பா வாழைத்தோப்பு வைத்திருக்கும் விவசாயி.

“அதென்னாங்க அது? பாதி காலியா கெடக்குது, இடம் இல்லைன்னா எப்பிடிங்க?”

நான் விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம்தான் கூடியது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போது காபி கொண்டுவந்த பெண் சொன்னாள்: “பந்தியில சோறு நெறய இருந்தும் இலை தீந்துட்ட மாதிரிப்பா. ஒரு வாய் சாப்பிடற கொழந்தைக்கும் ஒரு இலை போட்டாகணும் இல்ல?”

கல்யாணம் செய்தால் இவளைத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

“அட, இலைய முன்னாடியே சேத்து அறுத்து வெச்சிருக்கணும். அவ்ளோதானே!” என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். தோப்பையே மொட்டையடித்து மண்டபத்தில் இலையை மலையாகக் குவித்திருந்தார் மாமனார். டெஸ்பாட்ச் ஆட்களையும் டிரைவர்களையும் திரட்டிக்கொண்டு முனிராஜு வந்திறங்கினார். கடைசிப் பந்தியில் நானும் அவளும் உட்கார்ந்தோம். தளதளவென்று இலை போட்டார்கள். உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. சோறு தீர்ந்துவிட்டது. ஊத்தங்கரையிலிருந்து பொட்டலம் வரும்வரை நாங்கள் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்றும் ஆயுத பூஜையன்று வீட்டில் அரிவாள்மனை முதல் ஸ்கூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கிற என் மனைவி, லேப்டாப்பை மட்டும் விட்டுவிடுவாள். “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்பாள். எந்த விசேஷத்திலும் நான் பந்தியில் உட்கார்ந்ததும் மாமனார் எதிரே வந்து நின்று, இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

“மாப்ள, இன்னிக்கு எது தீரும்?”