பலாக்காய் இல்லை, பாவா

பொதட்டூர்பேட்டையில் ஆடிக் கிருத்திகைக்கு மாலையும் போட்டுக்கொண்டு, என்மேல் கோபமும் போட்டுக்கொண்டு இருக்கும் மரியாதைக்குரிய வரதராஜன் பாவா அவர்களுக்கு, திருத்தணியிலிருந்து மச்சினிச்சி யோகலட்சுமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் மலைமேல் முருகனும் சுகம். மனோரமா அக்கா சுகம் என்று தெரியும். உங்கள் சுகத்தைக் கேட்கலாம் என்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் இந்தக் கடுதாசி, உங்கள் சகலை கையில், காலை பஸ்ஸில் வருகிறது.

முதலில் வெட்கத்தை விட்டு ஒத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நீங்கள் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது பலாக்காய் இல்லை, பாவா. காளான். எங்கள் கொட்டாயில் நானே வளர்த்தது. "இன்னா யோகா, பலாக்காயா? கறி மாதிரியே கீது!"ன்னு கேட்டீங்க. நான் "ஆங், சாப்பிடுங்க"ன்னேன். அதுல ஆங்-ன்னதுதான் பொய், சாப்பிடுங்கன்னது நெஜம். கை கழுவினதும் சொல்லி சிரிக்கலாம்னுதான் இருந்தேன், நீங்க கிண்ணத்தை வழிச்ச அழகைப் பார்த்து வாய் வரல. காலேஜ்ல படிக்கிற எம்பொண்ணு சௌமியாவுக்கு வந்துடுச்சு. அக்கா போன் பண்ணப்போ, "பெரிம்மா, அது காளான், செடியே கெடையாது, மிருகத்துக்குத்தான் கிட்டத்து சொந்தம், எறா ஓட்டுல இருக்கறதுதான் அது ஒடம்புலயும் இருக்கு"ன்னு பாடம் எடுத்துட்டா. எறான்னதும் அக்கா போனைக் கீழ போட்டுச்சாம். நீங்க விரதம் கெட்டுப்போச்சு, மாலையைக் கழட்டறேன், இந்த வருசம் காவடியே எடுக்க மாட்டேன்னு உக்காந்துகினு இருக்கீங்களாம்.

கழட்டாதீங்க பாவா. நான் அஞ்சாவதைத் தாண்டாதவதான், ஆனா காளானோட குடித்தனம் பண்றவ, சொல்றதைக் கேளுங்க. மொதமொத வேகவெச்ச வைக்கோலைப் பையில அடைச்சு, காளான் வெதை தூவி தொங்கவிட்டேனா, கொஞ்ச நாள்ல பை பூரா வெள்ளை வெள்ளையா நூல் ஓடிச்சு. ஐயோ, பூஞ்சணம் புடிச்சுதேன்னு குப்பையில கொட்டிட்டேன். சௌமியா தலையில அடிச்சுகினா. அந்த நூலுதான் காளானோட ஒடம்பாம், நாம திங்கறது மரத்துக்குப் பழம் மாதிரி வெளிய எட்டிப்பாக்கற பாகமாம். செடி மாதிரி வெய்யில்ல சமைச்சுக்கத் தெரியாது அதுக்கு. செத்த எலை, காஞ்ச கட்டை மேல தன் எச்சியை விட்டுக் கரைச்சு உறிஞ்சிக்குமாம், பல்லு போனவங்க முறுக்கை டீயில நனைச்சுத் திங்கறாப்போல. அது மட்டும் இல்லைன்னா எலை மக்காம குமிஞ்சு, முருகன் கோபுரத்தையே தோண்டித்தான் எடுக்கணும். சிலது மரத்து வேரைச் சுத்திகினு தண்ணி குடுக்குமாம், பதிலுக்கு மரம் சக்கரை குடுக்குமாம். நம்ம ரெண்டு வீட்டைவிட ஒழுங்கான சம்பந்தம்.

சரி, அதைத் தின்னா விரதம் கெடும்னே வெச்சுக்குவோம். தெனம் டீயில பன்னு தோய்ச்சுத் திங்கறீங்களே, அதைப் பொங்க வெக்கிற ஈஸ்ட்டும் காளானுக்குப் பங்காளிதான். உங்க கால் புண்ணு ஆற டாக்டரம்மா போட்ட ஊசி மருந்தும் பூஞ்சணத்துலேருந்து வந்ததாம். அதெல்லாம் விடுங்க, இடுப்புல படர்தாமரைன்னு சொறிஞ்சுகினு இருக்கீங்களே, அதுவும் அதே குடும்பம். நீங்க அதைத் தின்னது ஒருநாள். அது உங்களைத் தின்னுகினு இருக்கறது எத்தினி வருசமா! அதுக்கு ஒரு விரதம் உண்டா?

இருந்தாலும் மனசு கேக்காம, மலையடிவாரத்துல பூ கட்டற ஜெயம்மாள் கிட்ட போய் கேட்டேன். "தெரியாம தின்ன ஆளுக்கு இன்னாடி பாவம்? தெரிஞ்சு போட்டியே, நீ ஏறுடி படி"ன்னுச்சு. அதனால பாவா, பாவம் எம்பேர்ல, காவடி உங்க பேர்ல. கிருத்திகை அன்னிக்கு நான் முன்னாடி பால்குடம் தூக்கிகினு மூச்சு வாங்க ஏறறேன், நீங்க பின்னாடி வந்து கண்குளிரப் பாத்து சிரிங்க. போன வருசம் எங்க வீட்டுல விட்டுப்போன உங்க காவடியும் பத்திரமா கீது. வெய்யில் படாம, கொட்டாயில காளான் பைங்க நடுவுலயே வெச்சு, தெனமும் பைங்களுக்குத் தண்ணி தெளிக்கறப்போ அதுக்கும் நாலு கை தெளிச்சு, கொழந்தை மாதிரி பாத்துகினு இருக்கேன்.

அக்காவுக்கு என் அன்பு, உங்கள் கோபத்துக்கு என் கும்பிடு. இரண்டும் போதாவிட்டால் மீதியை முருகன் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மூன்று தடவை பரிமாறிய கை,
யோகலட்சுமி

பின்குறிப்பு: காவடியைத் துடைத்து வைக்கலாம் என்று இப்போதுதான் கொட்டாய்க்குப் போனேன். தண்டிலும் வளைவிலும் வரிசையாகக் காளான் முளைத்திருக்கிறது. காவடி ஜோடிக்க ஜெயம்மாளிடம் பூ பாதி சொன்னால் போதும்.