பேசாச்சபை சார்

வாயையே திறக்காமல் ஒரு சபை நடத்தியவர் இந்தச் சிவகாசியில் பேசாச்சபை சார் ஒருவர்தான். ஆளே சேராத சபையை விடாமல் நடத்தியவரும் அவர்தான்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர்கள் சாக்லேட் வாங்கி வருவார்கள். இவர் ஒரு மார்க்கத்தையே கொண்டுவந்தார். குவேக்கர் என்று பெயர்; கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவாம். ஞாயிறு காலை முன்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். என்னதான் அது என்று விசாரிக்கப் போனேன்.

“சபை நடத்துற பாதிரி ஐயரு யாரு சார்?”

“ஐயரே கிடையாது. எல்லாருக்குள்ளயும் தேவனோட வெளிச்சம் இருக்கு. நடுவுல ஆளு எதுக்கு?”

“பாட்டு, பிரசங்கம்?”

“கிடையாது. காத்திருக்கணும். உள்ளேயிருந்து வார்த்தை வந்தா யாருன்னாலும் எந்திரிச்சுச் சொல்லலாம். மத்தவுக பதில் பேசாம அதை மனசுல வாங்கிக்கணும்.”

“வார்த்தை வராட்டி?”

“சும்மா இருக்கணும்.”

“இது எப்படி சார் விளங்கும்? சத்தமில்லாத வெளிச்சம்னா நம்மூர்ல கம்பி மத்தாப்புதான். அதுக்கே சீசன்லதான் ஆர்டர்!”

ஒருமுறை குழாயடிச் சண்டைக்கு அவர்தான் ஒரே சாட்சி. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். “தினமும் உண்மைதான் பேசுறேன். இதுக்கு மட்டும் தனியா என்ன சத்தியம்?” என்று மறுத்துவிட்டார். இவர் பொய்சாட்சிதான் என்பதில் இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்துவிட்டன. எப்படியோ சமாதானம் வந்ததே என்று சாருக்கு ஒரே சந்தோஷம்.

அவர்கள் வழக்கப்படி, பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்கினால்தான் ஆராதனை முடியும். பக்கத்தில்தான் யாரும் இல்லையே! யாராவது வரட்டும் என்று மத்தியானம்வரை பட்டினியாக உட்கார்ந்திருப்பார். கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் அவர் கை. இல்லாவிட்டால் என் கை.

“உங்க கையை நீங்களே குலுக்கிக்கிட்டா என்ன சார்?”

“அது கும்பிடு ஆயிருமே, நண்பரே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கூட உட்கார ஒரே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷன் கேட்டது.

அந்த ஆள் வந்தாள். எங்கள் தெரு மாரியம்மாள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

“ஆறுதல் சொல்ல வாரவுக பேச்சைத் தாங்க முடியல சார். இங்கன யாரும் பேசமாட்டீகளாமே?”

சார் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கை கொடுக்க வந்த நானும் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள்.

“அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக காய்ச்சலாக் கெடக்குன்னு சொன்னாக. நாந்தேன் ஆலையில சரக்கு லோடு போகணுமேன்னு வேலைக்கு அனுப்பி வச்சேன்.”

உன்மேல் என்னம்மா தப்பு என்று வாயெடுத்தேன். வேண்டாம் என்று சார் தலையசைத்தார். அவர் கன்னமெல்லாம் ஈரம். இத்தனை வருஷம் காத்திருந்து அவர் சபைக்கு வந்த வார்த்தை இதுதான். அவர் நீட்டிய கையை மாரியம்மாள் பிடித்தாள். அழுது முடிக்கும்வரை விடவில்லை.

பிறகு அவள் ஒரு ஞாயிறு தவறவில்லை. திங்களானால் மறுபடி பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கிற வேலை. “வேற எங்கன போகச் சொல்றீக?” என்பாள். ஆலைகள் வெடித்துக்கொண்டேதான் இருக்கின்றன.

போன கோடையில் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் வந்து வீட்டைப் பூட்டிவிட்டாள். நாற்காலிகள் இப்போது என் வீட்டு மாடியில். நான் கோயிலுக்கே போகாதவன்; மாரியம்மாள் இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவள். ஆனாலும் ஞாயிறு காலையில் இருவரும் சும்மா உட்காருகிறோம், அவர் நாற்காலியை நடுவில் விட்டு.

எழும்போது மட்டும் நாங்கள் கை குலுக்குவதில்லை. குலுக்கினால் சாருடைய ஆராதனை முடிந்துவிடும்.