மருமகளின் மௌஸை நான் குப்பையில் போட்ட கதை

என் மருமகள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய கம்ப்யூட்டர் மௌஸை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டேன். அவளைக் கேட்கவில்லை. மறுநாள் அவளுக்கு இறுதிப் போட்டி என்பதும் எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதெல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தது போலத் தோன்றும். தவறு செய்தவன் எவனுக்கும் நல்ல எண்ணத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

மருமகள் பெயர் நிவேதா. வையம்பட்டிப் பெண். திருச்சியில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது தளம். மாலையில் கல்லூரியிலிருந்து வந்து, எனக்கு ஒரு காப்பி கொடுத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவாள். ஐந்து பேர் கொண்ட அணி. மற்ற நால்வரும் நான்கு ஊர்களில் இருந்தார்கள். அந்த அணி எப்படியோ இறுதிப் போட்டிவரை வந்துவிட்டது. ஞாயிறு நான்கு மணிக்கு ஆட்டம். ஜெயித்தால் சென்னையில் மேடையில் உட்கார்ந்து ஆடலாம். வீட்டில் எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்காத பெண் அந்த வாரம் முழுக்கச் சென்னை, சென்னை என்றே பேசிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாத்திய கதவின் வழியாக அவள் குரல் கேட்டது: "மணிக்கட்டு செம வலிடா. இந்த மௌஸு ஒரு நாள் என்னைக் கொன்னுடும்."

(ஒட்டுக்கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில்தான் என் நாற்காலி இருந்தது. அதை அங்கே போட்டது யார் என்று என் மனைவி கேட்பாள். அது வேறு விஷயம்.)

முப்பத்து மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். நான் 'சரியில்லை' என்று சொன்னால் லாரியில் ஏற்றிய சரக்கும் இறங்கி வரும். ஓய்வுபெற்ற பிறகு 'சரியில்லை' என்று சொல்ல வீட்டில் சாம்பாரும் செய்தித்தாளும்தான் மிச்சம். அப்படிப்பட்டவனுக்கு ஒரு மௌஸ் கிடைத்தால் விடுவானா?

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனதும் அறைக்குள் போய்ப் பரிசோதித்தேன். பார்க்கச் சகிக்காத பொருள். முதுகில் கறுப்பு டேப் சுற்றி, ஓரத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை ஒட்டி, அடையாளத்துக்கு நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு. அது போகட்டும். பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு என்று இருக்கும் இரண்டு பொத்தான்கள் தப்பான பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் இருக்க வேண்டியவை வலப்பக்கம் இருந்தன. உற்பத்திக் குறைபாடு என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதினேன். போதாததற்கு அந்த மௌஸ் கீபோர்டுக்கு இடப்பக்கமாகக் கிடந்தது. மின்கட்டணம் கட்ட நான் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரும்போதெல்லாம் அப்படித்தான் கிடக்கும். ஒழுங்கு தெரியாத பெண் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் எடுத்து வலப்பக்கம் வைத்துவிட்டு வருவேன்.

கைக்கு இதமான மௌஸ் வாங்குவது எப்படி என்று இரண்டு மணி நேரம் இணையத்தில் படித்தேன். கையின் நீளம் தெரிய வேண்டுமாம், அகலம் தெரிய வேண்டுமாம். கையை அளக்கணும் என்று சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். எனவே அன்று மாலை அவளைக் கூப்பிட்டு, "ரேகை பாக்கக் கத்துக்கறேன்மா, கையைக் காட்டு" என்றேன். ஜோசியக்காரர்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறவன் நான். அவளுக்கு ஆச்சரியம், ஆனாலும் இடது கையை நீட்டினாள்.

"வலது கையைக் குடும்மா."

"பொம்பளைங்களுக்கு இடது கைதானே மாமா பாப்பாங்க?"

"அதெல்லாம் பழைய கணக்கு. வலது கையை இந்தக் கிராஃப் பேப்பர் மேல வை."

"ரேகைக்கு எதுக்கு மாமா கிராஃப் பேப்பர்?"

"அப்பதான் துல்லியமா வரும்."

பென்சிலால் கையைச் சுற்றி வரைந்தேன். பதினேழரை சென்டிமீட்டர். "உனக்கு நல்ல காலம் வருது" என்று பலனும் சொன்னேன்.

சனிக்கிழமை நிவேதாவும் என் மகன் முரளியும் ஒரு வளைகாப்புக்காக வையம்பட்டி போனார்கள். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் வீட்டுக்கு வந்து, பழைய மௌஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரியைத் தாண்டித் தில்லைநகரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. "கேமிங்குக்கா சார்? அவங்க உள்ளங்கை முழுசா வெச்சுப் பிடிப்பாங்களா, விரலை வளைச்சுப் பிடிப்பாங்களா?"

நான் கிராஃப் பேப்பரை எடுத்து மேஜையில் விரித்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"சரிங்க சார். ரைட் ஹேண்டா, லெஃப்ட் ஹேண்டா?"

"நல்ல குடும்பத்துப் பொண்ணும்மா" என்றேன்.

அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது மௌஸ்களைப் பிடித்துப் பார்த்தேன். பிடித்துப் பார்த்தது என் கை. கடைசியில் ஒன்று அமைந்தது. கைகுலுக்கும்போது கை இருக்குமே, அந்தச் சாய்வு. கட்டைவிரலுக்கு இடப்பக்கம் மெத்தென்று ஒரு பள்ளம். உள்ளே நிறம் மாறி மாறி எரியும் விளக்கு. சமயபுரம் திருவிழாக் கடைபோல இருந்தது.

கடை வாசலில் பழைய மின்சாதனங்களைப் போட ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. பழசு வீட்டில் கிடந்தால் புதுசை மதிக்கமாட்டாள் என்று, அவளுடைய மௌஸை என் கையாலேயே அதில் போட்டேன். எந்தக் கையால்? வலது கையால்தான்.

ஞாயிறு பஸ் தாமதம். அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. நிவேதா நேராக அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"மாமா! நீங்களா வாங்கினீங்க?" அவள் முகம் மலர்ந்ததை இரண்டு விநாடி பார்த்தேன். பிறகு அவள் உட்கார்ந்து, மௌஸை இடப்பக்கம் இழுத்து, அதன்மேல் இடது கையை வைத்தாள். கட்டைவிரலுக்கான பள்ளத்தில் அவள் சுண்டுவிரல் விழுந்தது. கட்டைவிரல் அந்தரத்தில் தொங்கியது.

"பழசு எங்க மாமா?"

சொன்னேன்.

"பரவால்ல மாமா" என்றாள். கண் கடிகாரத்துக்குப் போனது.

முரளிதான் வாயைத் திறந்தான். "அப்பா, அவ இடதுகைக்காரிப்பா. அது இடதுகைக்குன்னே செய்யற மௌஸு. தேடித் தேடி வரவழைச்சது."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

என் மனைவி சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள்: "ஆறு வருஷமா அவ காய் நறுக்கறது இடது கையாலதான். இந்தப் பக்கம் ஒரு தடவை வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கல்லூரியில் கரும்பலகையில் எழுதுவதும் இடது கையால்தானாம். வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்குத் தெரிந்தது, ஒரே வீட்டில் இருக்கும் தரப் பரிசோதகனுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவள் இடது கையால் காப்பி டம்ளரை நீட்டினாள். நான் வாங்கவில்லை. திட்டவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, செய்தித்தாளைப் பார்த்தபடி, அவள் கை மாற்றும்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் மாற்றினாள். அதற்குப் பிறகு என் கண் முன்னால் அந்தக் கை எதையும் நீட்டியதில்லை.

முரளி கடைக்குப் பைக்கில் பறந்தான். ஞாயிறு விடுமுறை, அட்டைப்பெட்டி உள்ளே. ஷட்டரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால், முதலாளி குழந்தைக்கு மொட்டை போடச் சமயபுரத்தில் இருக்கிறாராம், சாவியும் சமயபுரத்தில். நான் மஞ்சள் பையுடன் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டினேன். "ஒரு மௌஸ் இருக்குமா? அவசரம்." மேல்தளத்து மாமி, எங்கள் வீட்டில் எலி வந்துவிட்டதா என்று விசாரித்துப் பொறியையும் சேர்த்துக் கொடுத்தார். ஆறு மௌஸ், ஒரு எலிப்பொறி. இதுதான் என் வசூல்.

நிவேதா அதில் தட்டையான ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். பக்கவாட்டுப் பொத்தான் ஒன்றுகூட அதில் கிடையாது. நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த முறை ஒட்டுத்தான் கேட்டேன். "சாரிடா... சாரி, என் தப்பு... சாரி." ஒரு மணி நேரம் இதேதான். கடைசிச் சுற்றுவரை சமமாக வந்து, அந்த ஒரே சுற்றில் தோற்றார்கள். சென்னைக்கு வேறு அணி போயிற்று.

அவள் வெளியே வந்தாள், முகம் கழுவினாள், சமையலறைக்குப் போனாள். எனக்குக் காப்பி கொண்டுவந்து வலது கையால் கொடுத்தாள். வழக்கம்போல டவராவில் நாலு சொட்டு சிந்தியிருந்தது. ஆறு வருடமாக அதைக் கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன். அன்று அந்தக் காப்பியைக் குடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

திங்கள் காலை கடை திறக்குமுன் வாசலில் நின்றேன். திறந்ததும் அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்து, சார்ஜர்களையும் ரிமோட்களையும் விலக்கி, சிவப்புப் பொட்டு வைத்த மௌஸைக் கண்டுபிடித்தேன். "கொண்டுபோங்க சார்" என்று கடைப்பெண் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். இடது கையால். 'நல்ல குடும்பத்துப் பொண்ணும்மா' என்று நான் சொன்னது யாரிடம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று புரியாவிட்டாலும், "இருக்கட்டும் சார்" என்றாள்.

மாலையில் மௌஸைத் துடைத்து நிவேதாவிடம் கொடுத்தேன். "முதல் வாரம் நீ காப்பி கொண்டுவந்தப்போ நான் வாங்காம உக்காந்திருந்தேனே, ஞாபகமிருக்காம்மா?"

"ம்."

"அது தப்பு. மௌஸைவிடப் பெரிய தப்பு."

அவள் ஸ்பாஞ்சை விரலால் அழுத்திச் சரிபார்த்தாள். "சரி மாமா" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நானாக எழுதிக்கொள்ள முடியாது.

அடுத்த போட்டியிலும் அவர்கள் தோற்றார்கள். இந்த முறை நான் காரணமில்லை என்று எழுதித் தரச் சொன்னேன், தரவில்லை. புது மௌஸ் என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அதை வைத்துத்தான் திருத்தினேன். கைக்கு இதமாகத்தான் இருக்கிறது. வீட்டில் நான் செருப்பு வாங்கப் புறப்பட்டாலும், குடை வாங்கப் புறப்பட்டாலும், "கிராஃப் பேப்பர் எடுத்துக்கிட்டீங்களா?" என்று மூன்று குரல்கள் கேட்கும். யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட, "மாமாகிட்ட கையைக் காட்டு, நல்ல காலம் வரும்" என்பாள் நிவேதா.

காப்பி விஷயம் உடனே மாறவில்லை. ஆறு வருடப் பழக்கம்; அவள் வலது கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் லால்குடியிலிருந்து என் அக்கா வந்திருந்தபோது, அக்கா முன்னாலேயே நான் இடது கையை நீட்டிக் காத்திருந்தேன். நிவேதா என் கையைப் பார்த்தாள். பிறகு டம்ளரை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தாள்.

"என்னடா இது, ரெண்டு பேரும் இடது கையால?" என்றாள் அக்கா.

"இந்த வீட்ல இப்படித்தான்க்கா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் கொண்டுவரும் டவராவில் ஒரு சொட்டு சிந்துவதில்லை. இடது கையால் வாங்கி வேட்டியில் கொட்டிக்கொள்கிறவன் நான்தான்.