ஒன்பதும் சேவல்

வெடிச் சத்தத்துக்கு ஒரு குஞ்சுகூடப் பதுங்கவில்லை. பதுங்கியது பக்கத்து வீட்டு நாய் மட்டும்தான். ஆகவே ஒன்பதும் சேவல் என்று மாரிக்கண்ணன் முடிவு கட்டினான்.

இந்த விஞ்ஞானத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் செந்தூர்பாண்டி. பட்டாசுக் கம்பெனியில் அவனோடு பெட்டி ஒட்டுகிறவன். குஞ்சுக்குப் பக்கத்தில் திடீரென்று கை தட்ட வேண்டும், தலையைத் தூக்கினால் சேவல், பதுங்கினால் பெட்டை என்றிருந்தான்.

மாரிக்கண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. கை தட்டுவதற்குப் பதிலாக ஓலைவெடியைக் கொளுத்தினான். எம். புதுப்பட்டியில் முட்டைக்குள் இருக்கும்போதே கம்பெனியின் சாம்பிள் வெடிகளைத் தாலாட்டாகக் கேட்டுப் பொரிந்த குஞ்சுகள், ஓலைவெடிக்கா பதுங்கும்? அதை யோசிக்க அவனுக்கு நேரமில்லை. அவன் கவலை கல்யாணக் கவலை.

மாமன் மகள் பானுப்பிரியாவை அவனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஆலங்குளத்து மாமன் சங்கிலிமுத்துவுக்குச் சம்மதம். பானுப்பிரியாவுக்கும் சம்மதம். அத்தை மாடத்திதான் நடுவில் கருப்பசாமியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்திருக்கிறாளாம். மருமகன் வீட்டில் பொரித்ததிலிருந்து ஒரு சேவல் வேண்டுமாம். அதை வளர்த்துச் செலுத்திய பிறகுதான் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்களாம்.

ஒன்று கேட்ட இடத்தில் ஒன்பது கைவசம் இருக்கிற தெம்பில், இருப்பதிலேயே திமிராக நின்ற குஞ்சைத் தூக்கிக்கொண்டு ஆலங்குளம் போனான். ஒரு மாதம் கழித்து அத்தை கூப்பிட்டு அனுப்பினாள்.

"இது பெட்டை மருமகனே. வேற கொண்டாங்க."

மாரிக்கண்ணன் பெட்டையைத் திருப்பி எடுக்கக் கை நீட்டினான். சாமி பேரைச் சொல்லி வீட்டுக்குள் விட்டதை வெளியே அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அத்தை தடுத்துவிட்டாள். எவ்வளவு பக்தி என்று அவன் மனசுக்குள் வியந்துகொண்டான்.

செந்தூர்பாண்டியிடம் இரண்டாவது விஞ்ஞானமும் இருந்தது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தலையைத் தூக்கிப் பார்ப்பது சேவல். தொங்கவிட்ட எட்டும் தூக்கிப் பார்த்தன. ஒன்று மட்டும் எம்பி அவன் கட்டைவிரலை ரத்தம் வரக் கொத்தியது. இதைவிட ஒரு சேவல் என்னத்தைச் சாட்சி சொல்லும்? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அதை ஆலங்குளத்தில் சேர்த்தான். அதுவும் பெட்டை. அதையும் சாமி திருப்பித் தரவில்லை.

பானுப்பிரியா போனில் கூப்பிட்டாள். ஒரு சேவலைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லையா மச்சான் என்று மெதுவாகத்தான் கேட்டாள். அவனுக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இந்தக் கோழிக் குழப்பத்தில் அவளை வேறு யாருக்காவது பேசி முடித்துவிட்டால் என்ன செய்வது?

மறுநாள் செந்தூர்பாண்டியின் சட்டையைப் பிடிக்காத குறை. அவன் அசரவில்லை. தப்பு தன் விஞ்ஞானத்தில் இல்லை, குஞ்சில் இருக்கிறது என்றான்.

"உன் குஞ்சு கிராஸுலே. அப்பன் சண்டைச்சேவல், அதுக்குக் கொண்டை சின்னது. ஆத்தா பண்ணைக்கோழி, அதுக்குப் பெட்டையா இருந்தும் கொண்டை அம்புட்டுப் பெருசு. அப்ப சின்னக் கொண்டைதானலே சேவல்?"

மாரிக்கண்ணனுக்குக் கண் திறந்தது. மகன் அப்பனைப் போல், மகள் ஆத்தாளைப் போல். இதில் குறை சொல்ல யாரால் முடியும்? குஞ்சுகள் பாதி வளர்ந்திருந்தன. கொண்டை சிவந்து நிமிர்ந்து நின்ற நான்கையும் பெட்டை என்று ஒதுக்கினான். நாளைக்குப் பானுப்பிரியா வந்தால் முட்டைக்கு ஆகும். கொண்டை எழும்பாத மூன்றையும் ஒன்றாகக் கட்டினான். ஒன்று தப்பினாலும் இன்னொன்று சேவலாக இருக்கும் என்று கணக்கு.

மூன்றையும் அத்தை ஆசையாகத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். வைகாசியில் போனபோது அவனுக்குச் சோற்றோடு ஒரு அவித்த முட்டை வைத்தாள். எந்தச் சேவல் இட்டது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வெட்கத்தோடு சாப்பிட்டான். முட்டை நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் விடிகாலையில், முட்டைக்கென்று ஒதுக்கிய நான்கில் ஒன்று கூரைமேல் ஏறி ஊர் கேட்கக் கூவியது. மற்ற மூன்றும் கீழே நின்று பதில் கூவின. மாரிக்கண்ணன் பல்கூட விளக்கவில்லை. கூரைமேல் நின்றதைப் பிடித்து ஒயர் கூடையில் போட்டு மினிபஸ் ஏறினான். வழி நெடுக அது கூவிக்கொண்டே வந்தது. சந்தேகத்துடன் பார்த்த கண்டக்டரிடம், இது சேவல் என்று அவனாகவே சொன்னான்.

அத்தை வாசலில் ஐந்து பெட்டைகளுக்கும் கம்பு இறைத்துக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து எட்டிப் பார்த்த சேவலைக் கண்டதும் அவள் முகம் விழுந்துவிட்டது. இதை வைத்து நான் என்ன செய்ய என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த சங்கிலிமுத்துவிடம் திரும்பினான்.

"மாமா, சேவல் வந்துருச்சு. இனிமேலாவது நாள் குறிக்கலாமா?"

"கல்யாண நாளத்தான் உங்க ஆத்தாளும் அத்தையும் தையிலயே குறிச்சுட்டாகளே. ஆவணியில கல்யாணம்."

"அப்ப கருப்பசாமிக்கு நேர்ந்தது?"

சங்கிலிமுத்து உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேர்ச்சையும் இல்ல ஒண்ணும் இல்ல மாப்ளே, உங்கிட்டப் பெட்டை கேட்டா நீ சேவலத்தான் தூக்கிட்டு வருவேன்னு உங்க அத்தை சேவல் கேட்டா."